10 பள்ளிக்கூடம், ஒரே பாடத்திட்டம்: அமெரிக்க சார்ட்டர் நெட்வொர்க்ல சீஃப் அகாடமிக் ஆஃபீசர் வேலை

வணக்கம் மக்களே. இன்னைக்கு கொஞ்சம் உள்வேலை சமாச்சாரம். அமெரிக்காவுல ஒரே நிர்வாகம் பத்து சார்ட்டர் ஸ்கூலை நடத்துதுன்னு வெச்சுக்கோங்க. அத்தனை ஸ்கூல்லயும் என்ன பாடம், எந்த வாரம், எந்த டெஸ்ட், யாருக்கு என்ன பயிற்சின்னு முடிவு பண்ற ஆளுதான் சீஃப் அகாடமிக் ஆஃபீசர். அந்த நாற்காலியில உக்காந்தா நிஜமா என்ன வேலை, எங்கெல்லாம் சறுக்கும், அதைத்தான் பேசப்போறோம்.

சார்ட்டர் ஸ்கூல்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டே வரி. அரசாங்கப் பணத்துல நடக்குற, ஃபீஸ் வாங்காத பள்ளி. இருக்குற சீட்டைவிட அதிகமா விண்ணப்பம் வந்தா குலுக்கல். உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்துற பள்ளி மாவட்ட நிர்வாகத்தோட அன்றாடப் பிடி கிடையாது, ஆனா அனுமதி குடுத்த அமைப்போட ஒப்பந்தம் உண்டு. நியூயார்க்ல அது அதிகபட்சம் 5 வருஷம். முடியுறப்போ ரிசல்ட்டைப் பார்த்துத்தான் புதுப்பிப்பாங்க. 1991-ல மின்னசோட்டா மாநிலம் முதல் சட்டம் போட்டுச்சு, அடுத்த வருஷமே செயின்ட் பால்ல முதல் பள்ளி திறந்துச்சு. 1994-ல ஹூஸ்டன்ல ஒரு அஞ்சாம் வகுப்போட ஆரம்பிச்ச கிப்ங்கற சார்ட்டர் அமைப்பு இன்னைக்கு நாடு முழுக்க இருக்கு. இந்த மாதிரி ஒரே குடையில பல பள்ளி இருந்தா அதுதான் நெட்வொர்க்.

நெட்வொர்க்கா இருக்குறதால ஏதாவது லாபம் இருக்கான்னா, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோட கிரீடோ ஆய்வு மையம் 2023-ல ஒரு கணக்கு வெளியிட்டுச்சு. பக்கத்துல இருக்குற சாதாரண அரசுப் பள்ளியில படிக்குற, அதே மாதிரி பின்னணி உள்ள பிள்ளைங்களோட ஒப்பிட்டா, நெட்வொர்க் பள்ளிப் பிள்ளைங்க வருஷத்துக்கு வாசிப்புல 27 நாள், கணக்குல 23 நாள் கூடுதலா படிச்சதுக்குச் சமமான வளர்ச்சி காட்டுறாங்க. "நாள்"னு சொன்னாலும் அது மதிப்பெண் வித்தியாசத்தை மாத்தி எழுதுற முறைதான், நிஜமா 27 நாள் கூட உக்காந்து படிச்சதில்ல. இன்னொண்ணு, இது சராசரி. ஒரே நெட்வொர்க்குக்குள்ளயே ஒரு ஸ்கூல் பறக்கும், இன்னொண்ணு தவழும். அந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்குறதுதான் இந்த வேலையோட சாரமே.

நிறைய இடத்துல ஸ்ட்ராட்டஜின்னா அறுபது ஸ்லைடு, அஞ்சு தூண், மூணு வருஷத் தொலைநோக்குன்னு ஒரு ஃபைல் இருக்கும். ஏட்டுச் சுரைக்காய்தான் அது. நாலாம் வகுப்பு டீச்சரோட செவ்வாய்க்கிழமை மாறலைன்னா ஸ்ட்ராட்டஜி இல்லைன்னுதான் அர்த்தம். அதனால நான் எப்பவும் நாள்காட்டியிலேர்ந்துதான் ஆரம்பிப்பேன்.

கணக்கு போடுவோம். பள்ளி நாள் 180. மூணாம் வகுப்புலேர்ந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் வருஷா வருஷம் வாசிப்பும் கணக்கும் ஸ்டேட் டெஸ்ட் வெக்கணும்னு 2015-ல வந்த மத்தியச் சட்டம் சொல்லுது. அந்த டெஸ்ட் ஏப்ரல் கடைசியில வருதுன்னு வெச்சா, அதுக்கு முன்னாடி கிடைக்குறது சுமாரா 145 நாள். முதல் வாரம் வகுப்பு ஒழுங்குக்கே போயிடும், 5 கழிங்க. வருஷ நடுவுல நம்மளே வெக்குற இன்டரிம் டெஸ்ட் மூணு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நாள், 6. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கு அப்புறமும் மறுபடி சொல்லிக்குடுக்க மூணு நாள், 9. பிள்ளையோட வளர்ச்சியைப் பார்க்குற மேப் டெஸ்ட் ரெண்டு சுற்று, 4. பனி விடுமுறை, அரை நாள், டூர் எல்லாம் சேர்த்து 6. மிச்சம் 115.

இப்ப பாடத்தை எண்ணுங்க. யுரேகா மேத்னு ரொம்பப் பரவலா ஓடுற கணக்குப் பாடத்திட்டம் ஒண்ணு இருக்கு. அதோட முதல் பதிப்புல நாலாம் வகுப்புக்கு ஏழு மாட்யூல், அதாவது ஏழு பாடப் பகுதி, மொத்தம் 153 பாடம். 115 நாள்ல 153 பாடம், அதாவது 38 பாடம் இடிக்குது. நிர்வாகம் இதைப் பத்தி வாயைத் திறக்கலைன்னா என்ன ஆகும்? ஒவ்வொரு டீச்சரும் வரிசையா நடத்திக்கிட்டே போவாங்க, நாள் தீர்ந்ததும் நின்னுடும். அப்ப அடிபடுறது கடைசியில இருக்குறது. ஆறாவது மாட்யூல் தசமம். அது போச்சுன்னா, அடுத்த வருஷம் அஞ்சாம் வகுப்போட முதல் மாட்யூலே தசமத்துலதான் ஆரம்பிக்குது! செப்டம்பர்ல அஞ்சாம் வகுப்பு டீச்சர் திணறுவாங்க. "இந்த பேட்ச் வீக்கு"ன்னு பிள்ளைங்க மேல பழி விழும்.

அதனால வெட்டுறதை நிர்வாகமே, ஜூலையிலேயே வெட்டணும். நாலாவது மாட்யூல் கோணங்கள், 16 பாடம். டெஸ்ட்டுக்கு முன்னாடி 6 போதும், மிச்சம் 10 மே மாசத்துக்கு. ஏழாவது மாட்யூல்ல 18 பாடம், பெரும்பாலும் ஏற்கெனவே படிச்சதைச் சேர்த்துப் பார்க்குறது, முழுசா மே மாசத்துக்கு. ரெண்டாவது மாட்யூல் அளவை மாற்றம், 5 பாடத்தை 2 ஆக்கலாம். ஆக 31. மிச்சம் 7-ஐ மூணாவது மாட்யூல்ல இருக்குற 38 பாடத்துல பக்கத்துப் பக்கத்துப் பாடங்களை இணைச்சு எடுத்துக்கலாம். அஞ்சாவது மாட்யூல் பின்னம், 41 பாடம். அதைத் தொடாதீங்க. எந்தப் பாடம் வெட்டு, ஏன் வெட்டுன்னு டீச்சர் கையில எழுத்துல இருக்கணும். இல்லைன்னா நல்ல டீச்சர் மனசாட்சி உறுத்தி வெட்டினதையும் சேர்த்து நடத்துவாங்க.

எது எல்லா ஸ்கூல்லயும் ஒரே மாதிரி இருக்கணும், எதை பிரின்சிபால் கையில விடலாம்ங்கறதுக்கும் இதுதான் அளவுகோல். பாடத்திட்டம், வெட்டுப் பட்டியல், இன்டரிம் டெஸ்ட், அதோட தேதி, சின்ன வகுப்புல யார் பின்தங்குறாங்கன்னு கண்டுபிடிக்குற வாசிப்பு ஸ்க்ரீனர், இதெல்லாம் பொது. பீரியட் எத்தனை மணிக்கு, எந்தப் பிள்ளை எந்த குரூப்ல, பாட்டு டான்ஸ் எப்போ, அதெல்லாம் அவங்க இஷ்டம். டெஸ்ட் தேதியை மட்டும் ஒரு ஸ்கூலுக்குக்கூட ஒரு வாரம் தள்ளிக் குடுக்காதீங்க. ஒண்ணுக்குக் குடுத்தா பத்தும் கேக்கும், அப்புறம் ஸ்கூலோட ஸ்கூல் ஒப்பிடவே முடியாது.

இன்டரிம் டெஸ்ட்டைப் பத்தி ஒரு எச்சரிக்கை. ஸ்டாண்டர்டுன்னா இங்க வகுப்பு இல்ல, பிள்ளை கத்துக்கவேண்டிய ஒரு குறிப்பிட்ட திறன். டாஷ்போர்டுல "இந்த ஸ்டாண்டர்டுல 43 சதவீதம்"னு சிவப்புக் கலர்ல காட்டும். உள்ள போய்ப் பார்த்தா அந்த ஸ்டாண்டர்டுக்குக் கேட்டதே ஒரு கேள்விதான். ஒரு கேள்வியை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. வார்த்தை குழப்பமா இருந்திருக்கலாம், படம் சின்னதா அச்சாகியிருக்கலாம். முக்கியமான ஸ்டாண்டர்டுக்குக் குறைஞ்சது மூணு நாலு கேள்வி வேணும். அதுவரைக்கும் நடத்தின பாடத்துலேர்ந்து மட்டும்தான் கேள்வி வரணும். கடையில வாங்குற ரெடிமேட் டெஸ்ட் பெரும்பாலும் சொதப்புறது இங்கதான், அதோட வரிசை வேற, நம்ம வரிசை வேற. மேப் டெஸ்ட்டும் திங்கட்கிழமை பாடத்துக்கு உதவாது. பிள்ளையோட பதிலைப் பொறுத்துக் கேள்வி மாறுற டெஸ்ட் அது. வருஷத்துல எவ்வளவு வளர்ந்திருக்காங்கன்னு பார்க்க நல்லது, நாளைக்கு என்ன நடத்தணும்னு அது சொல்லாது.

டெஸ்ட் முடிஞ்சு 48 மணி நேரத்துக்குள்ள விடைத்தாள் டீச்சர் கையில இருக்கணும். ரெண்டு வாரம் ஆறப்போட்டா வகுப்பு வேற பாடத்துக்குப் போயிருக்கும். அடுத்து டேட்டா மீட்டிங், வாரத்துக்கு ஒரு தடவை, 45 நிமிஷம், ஒரே வகுப்பு எடுக்குற டீச்சர்கள் எல்லாரும். இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

கேள்வி இது: 3/4, 5/8, எது பெரிசு? 28 பிள்ளைங்கள்ல 19 பேரு 3/4-னு சரியா எழுதியிருக்காங்கன்னு வெச்சுக்கோங்க. "பரவால்ல, முக்கால்வாசி தேறிடுச்சு"ன்னு நகர்ந்துடத் தோணும். நகரக் கூடாது. தப்பா எழுதினவங்க "5, 3-ஐவிடப் பெரிசு, 8, 4-ஐவிடப் பெரிசு"ன்னு முழு எண் மாதிரி பார்த்திருக்காங்க, அது தெரிஞ்ச கதை. ஆனா சரியா எழுதினவங்கள்ல சில பேரு, "4-க்கு ஒண்ணுதான் குறையுது, 8-க்கு மூணு குறையுது, அதனால 3/4 பெரிசு"ன்னு நினைச்சிருப்பாங்க. விடை சரி, யோசனை தப்பு. இவங்களைப் பிடிக்க ரெண்டாவது கேள்வி வேணும்: 2/3, 10/12, எது பெரிசு? குறையுற எண்ணைப் பார்க்குற பிள்ளை இங்க 2/3-னு மாட்டிக்கும். முழு எண்ணா பார்க்குற பிள்ளைக்கோ இது தற்செயலா சரியா வந்துடும். ரெண்டையும் பக்கத்துல வெச்சாதான் யாருக்கு எந்தக் கோளாறுன்னு பிரியும். ஆக, டெஸ்ட் எழுதும்போதே இந்த ஜோடியை உள்ள போட்டுடணும். சீஃப் அகாடமிக் ஆஃபீசர் தானே உக்காந்து கேள்விகளைப் படிக்கணும்னு சொல்றது இதுக்காகத்தான்.

மீட்டிங்ல முதல் 5 நிமிஷம், எல்லாரும் பிள்ளை எழுதவேண்டிய முழு விடையைத் தங்க கையால எழுதணும், படத்தோட. அடுத்த 10 நிமிஷம், விடைத்தாளைக் குவியலாப் பிரிச்சு, கிட்டத்தட்ட சரியா வந்த மூணு நாலு தாளை மேசையில பரப்பணும். அப்புறம் கோளாறை ஒரே வாக்கியத்துல எழுதணும். "பின்னம் புரியல"ன்னு எழுதினா செல்லாது. "ரெண்டு முழுசும் ஒரே அளவு, துண்டோட அளவுதான் மாறுதுங்கறதைப் பார்க்கல"ன்னு எழுதணும். அடுத்த 25 நிமிஷம் மறுபாடத்துக்கு. எந்தப் படம், எந்தக் கேள்வி, எந்த வார்த்தைன்னு எழுதி, எழுந்து நின்னு ஒருத்தர் இன்னொருத்தருக்கு நடத்திக் காட்டணும். கடைசியா, எந்த நாள், எந்த ரெண்டு கேள்வியில சோதிக்கப்போறோம்னு தேதி போடணும்.

எங்க கெட்டுப்போகும்னு கேட்டா, அந்த நடத்திக் காட்டுற பகுதிதான். பெரியவங்களுக்குக் கூச்சம். அதைத் தவிர்க்கவே பிள்ளையோட வீட்டு நிலைமையை அலசி நேரத்தை ஓட்டிடுவாங்க. மீட்டிங்கை நடத்துறவர் தானே முதல்ல எழுந்து நின்னா அந்தக் கூச்சம் போயிடும்.

வாசிப்புக்கு இதே முறையை அப்படியே தூக்கிப் போடாதீங்க, பல நெட்வொர்க் இதுல வருஷக்கணக்கா வீணாப்போச்சு. "மையக் கருத்து கண்டுபிடி"ங்கற ஸ்டாண்டர்டுல மார்க் குறைஞ்சா, மையக் கருத்துக்குன்னு மூணு நாள் மறுபாடம் எடுப்பாங்க. பல நேரம் அது திறமைக் குறைவே இல்ல. உதாரணத்துக்கு, டெஸ்ட்ல குடுத்த பத்தி எரிமலையைப் பத்தியது, பிள்ளைக்கு எரிமலை பத்தி ஒண்ணும் தெரியாது, அதனால புரியல. அதனால வாசிப்புல ஸ்டாண்டர்டைக் கேக்காம, அந்தப் பாடப்பகுதியில எந்த வரி புரியலன்னு கேளுங்க. மேசையில அதே பகுதிக்குப் பிள்ளை எழுதின பத்தி இருக்கட்டும். சின்ன வகுப்புல டிபெல்ஸ் மாதிரி ஒரு நிமிஷ வாசிப்பு ஸ்க்ரீனர், வருஷத்துக்கு மூணு தடவை. பின்தங்கினவங்களை நாலஞ்சு பேரா குரூப் போட்டு, தினம் 20 நிமிஷம் ஒலி-எழுத்துப் பயிற்சி, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை முன்னேற்றம் பார்க்கணும். எழுத்துக்கூட்ட முடியாத பிள்ளையை அர்த்தம் புரியாத பிள்ளையோட ஒரே குரூப்ல போட்டா ரெண்டும் நகராது.

இத்தனையும் கோச், அதாவது டீச்சருக்கே வழிகாட்டுற பயிற்சியாளர், இல்லாம நடக்காது. ஒரு கோச்சுக்கு 12 டீச்சர்னா, வாரம் ஒரு 15 நிமிஷ வகுப்புப் பார்வை, ஒரு 30 நிமிஷ உரையாடல், மொத்தம் 9 மணி நேரம். தாங்கும். ஆனா நிஜத்துல டீச்சர் லீவு போட்டா கோச்சைத்தான் அந்த வகுப்புல கொண்டுபோய் நிறுத்துவாங்க. நவம்பர் ஃப்ளூ சீசன் வந்தா கோச்சிங் கோவிந்தா. அதனால பட்ஜெட்லயே ரெண்டு ஸ்கூலுக்கு ஒரு நிரந்தர மாற்று டீச்சர் போடுங்க. பயிற்சிப் பட்டறைக்கு வெச்ச காசை எடுத்து இதுல போட்டாலும் தப்பில்ல.

சிறப்புக் கல்வி டீச்சர்களை மறந்துடாதீங்க. பிள்ளையோட தனிக் கல்வித் திட்டம் சட்டப்படி கட்டாயம், நெட்வொர்க் நாள்காட்டி அதுக்கு மேல இல்ல. பாடக் குறிப்பு வகுப்பு டீச்சருக்குப் போற அதே நாள் அவங்களுக்கும் போகணும். பல இடத்துல அவங்க இன்னைக்கு என்ன பாடம்ங்கறதையே வகுப்புக்குள்ள வந்துதான் தெரிஞ்சுக்குறாங்க. ஆங்கிலம் கத்துக்குற பிள்ளைங்களோட டீச்சருக்கும் இதேதான்.

வருஷ வேலையோட வரிசையையும் சொல்லிடுறேன். பாடத்திட்டம் மாத்துறதா இருந்தா பிப்ரவரிக்குள்ள முடிவு. மார்ச்ல நாள்காட்டி, டெஸ்ட் தேதி. ஏப்ரல்ல புத்தக ஆர்டர், பிள்ளை எழுதிக் கிழிக்குற ஒர்க்புக்கை எண்ணிக்கைக்கு மேல 5 சதவீதம் கூட்டிப் போடுங்க, வருஷ நடுவுல பிள்ளைங்க சேருவாங்க. ஜூலையில பிரின்சிபாலுக்கும் கோச்சுக்கும் முதல்ல பயிற்சி, ஆகஸ்ட்ல டீச்சர்களுக்கு. இந்த வரிசை தலைகீழாச்சுன்னா டீச்சர் கேக்குற கேள்விக்கு கோச்சுக்குப் பதில் தெரியாது. பெட்டிகள் எந்த ஸ்கூல்ல வந்து இறங்கிச்சு, எதுல வரலன்னு ஆகஸ்ட் முதல் வாரம் ஃபோன் போட்டுக் கேளுங்க. ஈமெயில் போட்டா "வந்துடுச்சு"ன்னுதான் பதில் வரும், பிரிச்சுப் பார்த்திருக்க மாட்டாங்க.