லடாக்கில் ஓர் ஊரணி வெட்டினால் போதாதா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

தேவகோட்டையிலிருந்து ஆச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்கள்: "லடாக்கில் பனிக்கோபுரம் கட்டித் தண்ணீர் சேமிப்பதாகச் சென்ற காணொளியில் சொன்னீர்கள். மலை முழுக்கப் பனி இருக்கும் ஊரில் தட்டுப்பாடு எப்படி வரும்? நம் பக்கம்போல ஓர் ஊரணி வெட்டினால் போதாதா? கொடைக்கானலில் இப்படிக் கட்டலாமா?"

ஆச்சி, அங்கே தண்ணீர் குறைவுதான். அதைவிடப் பெரிய தொல்லை, அது காலம் தவறி வருவது. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே நகரில் ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழை சுமார் 100 மில்லிமீட்டர். ஐப்பசியில் புயல் ஒன்று கரை கடந்தால் நமக்கு இரண்டே நாளில் அவ்வளவும் பெய்துவிடும். எனவே வாற்கோதுமைக்குப் பனி உருகி வரும் நீரே கதி. விதைப்புக்கு ஏப்ரல், மே மாதங்களிலேயே தண்ணீர் வேண்டும். ஆனால் மிக உயரத்தில் கிடக்கும் பனியாறுகள் வெயில் ஏறி நன்றாக உருகி, ஓடைகள் பெருகுவதற்கு ஜூன் ஆகிவிடும். குளிர்காலத்தில் ஓடைகளில் மெல்லிதாக ஓடும் நீரோ, வயலில் பயிரே இல்லாததால் வீணே சிந்து நதியில் போய்ச் சேரும். நமக்குக் கண்மாயில் நீர் வரும் கார்த்திகையில் வயலில் நெல்லும் நிற்கிறது. அந்தப் பொருத்தம் அங்கே இல்லை.

குளம் அங்கேயும் உண்டு, 'ஸிங்' என்பார்கள். இரவில் வரும் நீரைத் தேக்கிப் பகலில் பாய்ச்ச அது போதும். மாதக்கணக்கில் சேமிக்கப் போதாது. சரிவான நிலத்தில் பெரிய குளத்துக்கு இடம் கிடைப்பது அரிது, சரளை மண்ணும் நீரை உறிஞ்சிவிடும். ஆகவே நீரைப் பனிக்கட்டியாகவே நிறுத்தி வைக்கும் வழியைப் பொறியாளர் செவாங் நார்பெல் 1987 முதல் செய்து காட்டினார். ஓடை நீரை வாய்க்கால் வழியே நிழல் விழும் சரிவுக்குத் திருப்பி, குறுக்கே கல்வரப்புகள் போட்டால், வேகம் தணிந்த நீர் படலம் படலமாக உறையும். இயற்கைப் பனியாற்றைவிடத் தாழ்வான இடம் என்பதால், அது விதைப்புக் காலத்திலேயே உருகத் தொடங்கும். பின்னர் 2013-14 குளிர்காலத்தில் லடாக்கைச் சேர்ந்த இன்னொரு பொறியாளரான சோனம் வாங்சுக் பனிக்கோபுரத்தைச் சோதித்தார். மேட்டிலிருந்து குழாயில் இறங்கும் நீர், மோட்டார் இல்லாமல் தன் அழுத்தத்தாலேயே மேலெழும்பிச் சிதறி, கடுங்குளிரில் உறைந்து கூம்பாக வளர்கிறது. கூம்பில் வெயில் படும் பரப்பு குறைவு. அதனால் நிழல் இல்லாத வயலோரத்திலும் மெதுவாகவே கரையும். குழாய்க்குள்ளேயே நீர் உறைந்து அடைத்துக்கொள்வதுதான் பெரிய தலைவலி. உறைபனியில் நின்று அதைக் காத்து வளர்க்கவும் ஆள் வேண்டும்.

கோபுரத்தின் படத்தை எல்லோரும் காட்டுகிறார்கள். கிடைத்த நீரை யார் எப்போது பாய்ச்சுவது என்பதை யாரும் காட்டுவதில்லை. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. நம் கண்மாய்களில் மடை திறந்து முறை வைக்க நீர்பாய்ச்சி இருப்பதுபோல, லடாக் கிராமங்களில் 'சுர்புன்' என்றொருவர் முறை வகுத்து நீர் விடுகிறார். அவர் இல்லையென்றால் எவ்வளவு பனி சேர்த்தாலும் மேல்வயல்காரருக்கே போய்ச் சேரும். இதற்கிடையே, நீரே வேண்டாத உலர் கழிப்பறைகளில் காலங்காலமாகப் புழங்கிய ஊரில், கோடைச் சுற்றுலாவுக்காக விடுதிகள் பெருகி ஆழ்துளைக் கிணறுகளை நம்பியிருக்கின்றன. பயிருக்கு நீர் தேவைப்படும் அதே மாதங்களில்தான் பயணிகளும் வருகிறார்கள் என்பதால், சேமிப்பைக் கூட்டுவதோடு செலவையும் அடக்கியாக வேண்டும்.

கொடைக்கானலுக்கு இது ஒத்துவராது. மார்கழி, தை மாதங்களில் சில இரவுகளில் விழும் உறைபனி காலை வெயிலுக்கே போய்விடும். அங்கே மழையை உள்வாங்கி ஓடைகளில் மெல்லக் கசியவிடுபவை சோலைக்காடுகளும் புல்வெளிகளும். அவற்றைக் காப்பதும், அணையில் தேக்குவதும்தான் நம் மலைகளுக்கு உரிய வழி. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை, தென்மேற்குப் பருவமழை நீரைத் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே வைகைப் பக்கம் திருப்புகிறது. அதில் ஒரு பங்கு நம் சிவகங்கை மாவட்டக் கண்மாய்கள் சிலவற்றுக்கும் வருகிறது.