பத்தடிக் கூடத்தில் சர விளக்கு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வடை ஆறுவதற்குள் நான் முடித்துவிட வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

புது வீட்டுக்கு அழகு தருவது பணமா, பொருத்தமா? இதுதான் தலைப்பு. ‘பணமே’ என்று பேசிய வங்கி மேலாளர் ஐயா ஒரு யோசனை சொன்னார். வீட்டுக் கடன் வாங்கும்போதே உள் அலங்காரத்துக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள், இருபது வருஷத்தில் அடைத்துவிடலாம் என்றார். அவர் பிழைப்பு அது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஐயா, சோபா ஐந்து வருஷத்தில் குழி விழுந்துவிடுகிறதே! எடைக்குப் போட்ட சோபாவுக்குப் பதினைந்து வருஷம் தவணை கட்டச் சொல்கிறீர்களா?

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். எங்க வீட்டுக்காரர் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இருந்தாலும் சொல்கிறேன்.

தாம்பரத்துக்கு அப்பால் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் வாங்கினோம். 920 சதுர அடி. கூடத்தின் உயரம் 9 அடி 8 அங்குலம். உள் அலங்காரம் செய்கிறவர் ஒருவர் வந்தார். அவர் கையில் டேப் இல்லை, கைப்பேசியில் படம் இருந்தது. ஏதோ ஒரு மாளிகையின் கூடம். ‘சார், இதே லுக் கொண்டுவந்துடலாம்’ என்றார். என் சார் விழுந்துவிட்டார். ஜிப்சம் பலகையில் ஃபால்ஸ் சீலிங், ஓரமெல்லாம் மறைவாக விளக்கு, நடுவில் மூன்று அடுக்குச் சர விளக்கு. மொத்தம் 85,000 ரூபாய்.

கணக்கைப் பாருங்கள். ஃபால்ஸ் சீலிங் முக்கால் அடியைத் தின்றுவிட்டது. மீதி 8 அடி 11 அங்குலம். அதிலிருந்து இரண்டரை அடிக்கு விளக்கு தொங்குகிறது. என் கொழுந்தனார் ஆறடிக்கு மேல். கிரகப்பிரவேசத்தன்று சட்டை மாற்றக் கையைத் தூக்கினார், ‘கிணிங்’ என்றது. ஐயர் பூஜை மணி என்று நினைத்துத் தீபாராதனைத் தட்டை எடுத்துவிட்டார்.

நடுவில் இருந்த ஃபேன் கொக்கியை விளக்கு பிடித்துக்கொண்டதால், ஃபேன் வாசலோரம் போனது. ஒரு வருஷம் எங்கள் வீட்டில் செருப்பு அலமாரிதான் நல்ல காற்று வாங்கியது. அடுத்த ஐப்பசி மழையில் கூரையில் தோசை அளவுக்கு ஒரு மஞ்சள் கறை. மாடி வீட்டுக் குளியலறைக் குழாய் கசிகிறது. எங்கே கசிகிறது என்று பார்க்க முடியவில்லை, பலகை மறைக்கிறது. கடைசியில் பிடுங்கித்தான் பார்த்தோம். பிடுங்கும் கூலி 12,000. போடவும் காசு, எடுக்கவும் காசு! பணத்தில் எங்களுக்குக் குறை இல்லை நடுவர் அவர்களே, குறைந்தது உயரம்தான். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதைச் சம்பளத்துக்கு மட்டும் சொல்கிறோம், சீலிங்குக்கும் அது பொருந்தும்.

அப்புறம் பேராசிரியர் அம்மா செட்டிநாட்டுக்குப் போனார். பர்மா தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, இதெல்லாம் பணம் இல்லாமல் வந்ததா என்று கேட்டார். வரவில்லை அம்மா. நகரத்தார் கடல் தாண்டிச் சம்பாதித்ததைக் கொட்டிக் கட்டிய வீடுகள்தான் அவை. ஆனால் அந்த வீட்டுக்குள் சித்திரை வெயிலில் போய் நில்லுங்கள். உடம்புக்குச் சுகமாக இருப்பது எதனால்? பெல்ஜியம் கண்ணாடியாலா? வெளிச்சத்தையும் காற்றையும் நடுவீட்டுக்குள் இறக்கும் முற்றம், உயரமான கூரை, முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, காலுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல். வறண்ட அந்தச் சீமையின் வெயிலுக்கு என்ன வேண்டுமோ அதை முதலில் செய்துவிட்டார்கள். கண்ணாடி அப்புறம் வந்தது.

ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? காரைக்குடிப் பக்கம் போனால் அவசியம் பாருங்கள். சூளை கிடையாது, பெரிய இயந்திரம் கிடையாது. ஒரு சதுரக் கண்ணாடித் துண்டு, சுற்றி இரும்புச் சட்டம். அதற்குள் பூவும் கொடியுமாகத் தகட்டு அச்சை வைக்கிறார்கள். சிமெண்டோடு கரைத்த வண்ணத்தைக் கரண்டியால் மொண்டு, சிவப்பு இந்த அறைக்கு, மஞ்சள் அந்த அறைக்கு என்று ஊற்றுகிறார்கள். சாம்பார்க் கரண்டி பிடிக்கிற லாவகம்தான். அச்சை மெதுவாகத் தூக்கினால் வண்ணம் கலையாமல் நிற்கிறது. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக்கலவையை அப்பி மட்டம் செய்கிறார்கள். காய்ந்ததும் நாள்கணக்கில் தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றினால் கல்லுக்குப் பளபளப்பு வந்திருக்கிறது. மணல், சிமெண்டு, வண்ணம், ஒரு கைப்பழக்கம், அவ்வளவுதான். இத்தாலியிலிருந்து கப்பலில் வந்த கல்லுக்குப் பக்கத்தில் இந்த உள்ளூர்க் கல் வெட்கப்படாமல் கிடக்கிறதே!

அதற்காக எல்லோரும் ஆறாவது மாடி ஃப்ளாட்டில் ஆத்தங்குடிக் கல் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது எங்கள் கட்சியே இல்லை. கட்டுநர் போட்டுக் கொடுத்த நல்ல தரையை உடைத்து, அந்தக் குப்பையை லிஃப்டில் இறக்கி, கனமான கல்லை மேலே ஏற்றினால் அது பொருத்தம் ஆகாது, பொறாமை.

என் நாத்தனார் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனார். பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்த கதவும் ஜன்னலும் தூணும் விற்கிற கடைகள் உள்ள தெரு. பர்மா வியாபாரம் போன பிறகு பல குடும்பங்களால் அவ்வளவு பெரிய வீட்டைப் பராமரிக்க முடியவில்லை, அப்படி வந்து சேர்ந்த சாமான்கள். நாத்தனார் ஒரு ஜோடித் தேக்குத் தூண் வாங்கிவந்தார். அவர் வீட்டுக் கூடத்தில் தூண் நிற்கவில்லை, உயரம். தச்சரைக் கூப்பிட்டு ஒன்றரை அடி அறுத்தார்கள். வாளை வைக்குமுன் அந்த மனிதர் தூணைத் தொட்டுக் கும்பிட்டார், பாவம். இப்போது அது கூரையையும் தொடாமல், எதையும் தாங்காமல், டிவிக்கு இரண்டு பக்கமும் நிற்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் ‘விசேஷம் எப்போ?’ என்று கேட்கிறார்கள்.

இதற்கு நேர்மாறு என் அண்ணன். கும்பகோணத்துப் பக்கம் சீமை ஓட்டு வீடு ஒன்று வாங்கினான். பழைய வீடுதான், அவனுக்குப் புது வீடு. பார்த்தவர்கள் எல்லோரும் ஓட்டை எடுத்துவிட்டு கான்கிரீட் போடு என்றார்கள். அண்ணி மட்டும், ஒரு மாசம் குடியிருந்து பார்ப்போம், அதுவரைக்கும் ஒரு ஸ்டூல் கூட வாங்கக் கூடாது என்றார். காலையில் வெயில் எந்த மூலைக்கு வருகிறது, மத்தியானம் மாமனார் எங்கே பாயைப் போடுகிறார், பிள்ளைகள் எந்தப் படியில் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். எந்த நிபுணருக்கும் ஃபீஸ் கொடுக்கவில்லை.

பிறகு என்ன செய்தார்கள்? ரேழி இருட்டாக இருந்தது. அங்கே நான்கு ஓடுகளை எடுத்துவிட்டு, அதே வடிவில் கண்ணாடி ஓடு போட்டார்கள். பத்து மணிக்கு நான்கு சதுரம் வெயில் தரையில் விழுகிறது, அது நகர்ந்து நகர்ந்து ஊஞ்சல்வரை வருகிறது. எந்த விளக்குக் கடையிலும் அப்படி ஒரு விளக்கு கிடையாது. மரச் சட்டங்களில் யாரோ பச்சை எனாமல் அடித்து வைத்திருந்தார்கள், அதைச் சுரண்டி எண்ணெய் பூசினார்கள். பிளந்து கிடந்த தரைக்குச் சிவப்பு ஆக்ஸைடு. சுவருக்குச் சுண்ணாம்பு. பவானி ஜமுக்காளம் ஒன்று, பத்தமடைப் பாய் இரண்டு. பாய் நல்ல ரகமாக வாங்கினார்கள், அதில் அண்ணி கஞ்சத்தனம் பார்க்கவில்லை. அத்தனையும் சேர்த்து எங்கள் ஃபால்ஸ் சீலிங் செலவில் பாதிகூட ஆகவில்லை.

‘ஓட்டு வீட்டுக்கு இது சரி, ஃப்ளாட்டுக்கு என்ன செய்வது?’ என்று எதிரணியில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. நம் குடியிருப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிளாக்கில் எல்லா வீட்டிலும் மொசைக் தரை. புதிதாக வாங்கி வருகிறவர்கள் முதல் வேலையாக அதன்மேல் டைல்ஸ் ஒட்டுகிறார்கள். தரை உயர்ந்துவிடுகிறது, கதவு இடிக்கிறது, கதவை அறுக்கிறார்கள். மொசைக் என்பது சலவைக்கல் சில்லைச் சிமெண்டில் பதித்தது ஐயா! மிஷின் வைத்து ஒரு தடவை மெருகேற்றினால் போதும், உள்ளே இருக்கிற கல் முழித்துக்கொள்ளும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெல்வெட் திரையா போடுவது? வெளிப்பக்கம் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளியுங்கள், ஈரம் காய்கிறவரை வருகிற காற்று குளிர்ந்து வரும், மணம் இலவசம்.

வீடு கட்டும்போதே இதைச் செய்து காட்டியவர் ஒருவர் நமக்குப் பக்கத்திலேயே இருந்தார். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தில் பர்மிங்காமில் பிறந்து, திருவனந்தபுரத்துக்காரராகவே 2007இல் மறைந்தவர். கான்கிரீட் கூரையின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்கு அதிக வேலை இல்லை என்பதால் அந்த இடத்தில் பழைய ஓடுகளை வைத்து நிரப்பினார். சிமெண்டும் கம்பியும் மிச்சம். அண்ணாந்து பார்த்தால் வரிசையாகச் செந்நிற ஓடு, அதுவே சீலிங்குக்கு டிசைன். மிச்சம் பிடித்த இடமே அலங்காரமாகிவிட்டது. பணம்தான் அழகு என்றால் இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள், மேலாளர் ஐயா?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே நிமிஷம். பொருத்தம் பார்த்தால் ஆசைக்கு இடமே இல்லையா என்று அந்த அணியின் இளைஞர் கேட்டார். ஏன் இல்லை தம்பி? எனக்கும் ஆத்தங்குடிக் கல்லின்மேல் ஆசைதான். பதினாறே கல் வாங்கினேன். பால்கனியில், துளசி மாடத்துக்குக் கீழே கட்டுநர் அரைகுறையாக விட்ட இடம் ஒன்று இருந்தது, அங்கே பதித்தேன். எங்க வீட்டுக்காரர் தினமும் காலையில் காபியோடு அங்கேதான் போய் உட்காருகிறார், கேட்டுப் பாருங்கள்.

அந்தச் சர விளக்கு? பழைய பேப்பரில் சுற்றிப் பரணில் இருக்கிறது. நடுவர் ஐயா புது வீடு கட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். கூடம் பன்னிரண்டு அடிக்கு மேல் இருந்தால் சொல்லுங்கள், தீர்ப்பு எப்படி வந்தாலும் சரி, இவரே தூக்கிக்கொண்டு வந்து தந்துவிடுவார். நன்றி, வணக்கம்.