பஸ்ஸுக்கு முந்தைய 12 ஆண்டுகள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஊர் சுற்றல் இல்லை, சமையல் இல்லை. சேரில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசப் போகிறேன், அவ்வளவுதான். ரோசா பார்க்ஸின் தன்வரலாறு. ஜிம் ஹாஸ்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதி 1992-ல் வந்தது. சின்னப் புத்தகம்தான். ஆங்கிலமும் எளிமையாக இருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளே படித்துவிடலாம்.

அவர் கதை நம்மில் நிறையப் பேருக்குத் தெரிந்ததுதான். 1955, அமெரிக்காவின் அலபாமா மாநிலம், மாண்ட்கமரி நகரம். வேலை முடிந்து களைத்துப்போன ஒரு வயதான கறுப்பினத் தையல்கார அம்மா பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைக்காரருக்கு இடம் விடு என்கிறார் டிரைவர். கால் வலி, எழ முடியவில்லை. கைதாகிறார். ஊரே கொதிக்கிறது, மார்ட்டின் லூதர் கிங் வருகிறார், சட்டம் மாறுகிறது, சுபம்.

இந்தக் கதை எல்லோருக்கும் ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது என்று புத்தகத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது. இதில் அந்த அம்மாவுக்கு அரசியலே கிடையாது. பாவம், கால் வலி. யாரும் கோபித்துக்கொள்ள முடியாத கதை.

ஆனால் அன்றைக்கு அவருக்கு வயது 42. உடம்பு அப்படி ஒன்றும் களைத்திருக்கவில்லை, வழக்கமாக வேலை முடிந்து இருக்கிற அளவுதான், விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் களைத்துப் போயிருந்தேன் என்று அவரே சொல்கிறார்.

குழந்தைப் பருவத்திலிருந்து வருகிறேன். பைன் லெவல் என்ற கிராமத்தில் தாத்தா பாட்டியோடு வளர்ந்தவர் ரோசா. முதல் உலகப் போர் முடிந்த சமயம், கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் ராத்திரியில் கறுப்பின மக்களின் வீடுகள் இருக்கிற பக்கம் போய் வருகிறார்கள். தாத்தா துப்பாக்கியை எடுத்து வைத்துக்கொண்டு விழித்திருப்பார். ஆறு வயதுப் பிள்ளை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பயத்தில் இல்லை. தாத்தா சுடுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று! இன்னொரு முறை ஒரு வெள்ளைக்காரப் பையன் அடிக்க வந்தபோது செங்கல்லை எடுத்துக்கொண்டு, அடித்துப் பார் என்று நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து சொன்னதும் பாட்டியிடம் திட்டு. எனக்கு இந்தப் பாட்டியின் மேல் கோபம் வரவில்லை. பேத்தி உயிரோடு இருக்க வேண்டுமே என்ற பயம் அது.

அப்புறம் ரேமண்ட் பார்க்ஸைக் கல்யாணம் செய்துகொள்கிறார். முடிதிருத்தும் தொழில் செய்தவர். செய்யாத குற்றத்துக்கு மரண தண்டனை பெற்ற, ஸ்காட்ஸ்பரோ இளைஞர்கள் எனப்பட்ட கறுப்பினப் பையன்களுக்காக ரகசியமாக வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் அவர் வீட்டிலேயே கூட்டம். மேஜை முழுக்கத் துப்பாக்கிகள். வந்தவர்களுக்குக் குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் அந்த மேஜையில் எங்கே வைத்திருப்பேன் என்று எழுதுகிறார் ரோசா. இந்த இடத்தில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சாதுவான தையல்கார அம்மா என்று சொன்னார்களே, அவர் வீட்டு மேஜைதான் இது.

சரி, 1943-க்கு வருகிறேன். மாண்ட்கமரி பஸ்ஸில் முன் வாசலில் ஏறிக் காசு போட வேண்டும், பிறகு இறங்கிப் போய்ப் பின் வாசலில் ஏற வேண்டும். கறுப்பினத்தவருக்கு மட்டும் இந்த ஏற்பாடு. சில டிரைவர்கள் அதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், காசும் போச்சு. அந்த வருஷம் ஜேம்ஸ் பிளேக் என்ற டிரைவர், இறங்கிப் பின்னால் வந்து ஏறு என்கிறார். உள்ளே ஏறியாயிற்றே, எதற்கு இறங்க வேண்டும் என்று ரோசா நிற்கிறார். அந்த ஆள் கோட்டுக் கையைப் பிடித்து இழுக்கிறார். இவர் கைப்பையைக் கீழே விழவிட்டு, அதை எடுக்கிற சாக்கில் வெள்ளைக்காரர் சீட்டில் ஒரு நொடி உட்கார்ந்துவிட்டுத்தான் இறங்குகிறார். அதற்குப் பிறகு அந்த டிரைவர் ஓட்டுகிற பஸ் என்றால் ஏறுவதே இல்லை. 12 வருஷம் கழித்து, 1955 டிசம்பர் 1 அன்று, டிரைவர் யார் என்று பார்க்காமல் ஏறிவிட்டார். அதே பிளேக். முகத்தைப் பார்த்திருந்தால் அந்த பஸ்ஸில் ஏறியே இருக்க மாட்டேன் என்கிறார்.

ஒரு நிமிஷம், ஃபேனை அணைத்துவிட்டு வருகிறேன், சத்தம் மைக்கில் விழுகிறது.

ம், எங்கே விட்டேன்? இந்த 12 வருஷம். எனக்குப் புத்தகமே இதுதான். அதே 1943-ல், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் மாண்ட்கமரி கிளையில் செயலாளர் ஆகிறார். கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று மினிட்ஸ் எழுதுவது, கடிதம் அனுப்புவது, போன் எடுப்பது. 1944-ல் அப்வில் என்ற ஊரில் ரீசி டெய்லர் என்ற கறுப்பினப் பெண்ணை வெள்ளைக்காரர்கள் கும்பலாக வன்புணர்வு செய்தபோது, நேரில் போய் விசாரித்து நீதிக்கான குழு அமைத்தவர்களில் ரோசா ஒருவர். குற்றவாளிகள் மேல் வழக்கே நிற்கவில்லை. இப்படி எத்தனையோ பேரின் வாக்குமூலத்தை எழுதி எழுதி அனுப்புகிறார், பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை.

ஓட்டுரிமையும் அப்படித்தான். வாக்காளராகப் பதிய ஒரு தேர்வு எழுத வேண்டும், இரண்டு முறை அதில் தேறவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். மூன்றாம் முறை 1945-ல், கேள்வி பதில் எல்லாவற்றையும் கையால் நகல் எடுத்து வைத்துக்கொள்கிறார், வழக்குப் போட வேண்டி வந்தால் உதவும் என்று. தேறிவிடுகிறார். உடனே வரி கேட்கிறார்கள்: 21 வயதிலிருந்து வருஷத்துக்கு ஒன்றரை டாலர் வீதம், மொத்தம் 16 டாலர் 50 சென்ட். ஓட்டுப் போட பாக்கி வசூல்!

வீரம் என்றால் ஒரு கணத்தில் பொங்குவது என்றுதான் சினிமா பார்த்து வளர்ந்த நமக்குப் பழக்கம். இந்த அம்மாவிடம் இருந்தது ஃபைல். நம் குடியிருப்புச் சங்கத்திலோ யூனியனிலோ மினிட்ஸ் எழுதுகிறவரை யாராவது ஏறிட்டுப் பார்க்கிறோமா? மேடையில் மைக் பிடிக்கிறவரைத்தான் பார்க்கிறோம். படித்ததிலிருந்து நான் கூட்டத்துக்குப் போனால் அந்த மூலை மேஜையைத்தான் தேடுகிறேன்.

பஸ் நாளுக்கு நாலு நாள் முன்னால், எம்மெட் டில் என்ற கறுப்பினச் சிறுவனின் கொலை பற்றிய கூட்டத்துக்கு ரோசா போயிருந்தார். 14 வயதுப் பையனைக் கொன்றவர்கள் விடுதலை ஆகியிருந்த நேரம். அந்தக் கோபத்தோடுதான் ஏறியிருக்கிறார். அவர் உட்கார்ந்தது வெள்ளைக்காரர் பகுதியில்கூட இல்லை, நடுப்பகுதியில். அந்த வரிசையில் நாலு பேர். ஒரே ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார், அவரோடு ஒரே வரிசையில் கறுப்பினத்தவர் உட்காரக் கூடாது என்பதால் அவருக்காக நாலு பேரும் எழ வேண்டும். மூன்று பேர் எழுந்துவிட்டார்கள். இவர் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். எழப் போகிறாயா இல்லையா என்கிறார் பிளேக். இல்லை. அப்படியென்றால் கைது செய்யச் சொல்வேன். செய்துகொள்ளுங்கள். அவ்வளவுதான் உரையாடல். வசனம் எழுதுகிறவர்கள் கவனிக்கவும்.

இப்போது எனக்கு ஒட்டாத ஒரு விஷயம். அதே வருஷம் மார்ச் மாதம், கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பெண் இதையே செய்து கைதானாள். ரோசா நடத்திய இளைஞர் குழுவோடு தொடர்புள்ள பெண்தான். ஆனால் தலைவர்கள் அவளை முன்னிறுத்தவில்லை. சின்ன வயசு, பட்டென்று பேசுவாள், பிறகு கர்ப்பம் என்றும் தெரிந்தது. பத்திரிகைகள் கிழித்துவிடும் என்று பயந்தார்கள். கணக்காகப் பார்த்தால் அந்தப் பயம் நியாயம். எனக்கு அது ஜீரணமாகவில்லை. அதுவும், பஸ் சட்டத்தைக் கடைசியில் உடைத்தது ரோசாவின் வழக்கு இல்லை, பிரௌடர் எதிர் கெய்ல் என்ற வழக்கு. அதில் வாதிகள் நாலு பெண்கள், ஒருத்தி கிளாடெட். அவள் மேலிருந்த கைதுப் பதிவை நீதிமன்றம் அழித்தது எப்போது தெரியுமா? 2021.

ரோசா கைதானதும் மாண்ட்கமரியின் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறாமல் நடத்திய 381 நாள் புறக்கணிப்பு நிறையப் பேருக்குத் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். ரோசா ஜன்னலோரம் பார்த்துக்கொண்டு, பின் சீட்டில் ஒரு வெள்ளைக்காரர் இருக்கிற புகழ்பெற்ற படம் இருக்கிறதே, அது கைதான அன்றைக்கு எடுத்ததே இல்லை. 1956 டிசம்பர் 21, எல்லாம் முடிந்த பிறகு படத்துக்காக உட்காரவைத்தது. பின்னால் இருப்பவர் பத்திரிகை நிருபர். நம்மைப்போல் வீடியோ எடுக்கிறவர்கள் அந்தப் படத்தை ஒருமுறை நன்றாகப் பார்க்க வேண்டும்.

அப்புறம் என்ன ஆனது? கடை வேலை போனது. ரேமண்டும் வேலையை விட்டார். மிரட்டல் போன்கள். 1957-ல் ஊரைவிட்டே டெட்ராய்ட் போகிறார்கள், அங்கேயும் பல வருஷம் பணக் கஷ்டம், மறுபடி தையல். 1965-ல் ஜான் கான்யர்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் வேலை கிடைக்கிறது, 1988 வரை அங்கேதான். மறுபடியும் கடிதம், போன், மனு.

அடுத்து ஜோ ஆன் ராபின்சனின் நினைவுக் குறிப்புகளை எடுத்து வைத்திருக்கிறேன். ரோசா கைதான அன்றைக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லூரி மிஷினில், பஸ்ஸைப் புறக்கணியுங்கள் என்று ஆயிரக்கணக்கான நோட்டீஸ் உருட்டியவர். படித்துவிட்டு வருகிறேன். அதுவரைக்கும் ஃபேனைப் போட்டுக்கொள்கிறேன், வேர்க்கிறது.