காதல் பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் ட்ரம்போன்

[திரையில்: கருப்பு வெள்ளைப் படம். மைக் முன்னால் தொப்பி போட்ட ஒருவர். பின்னால் முழு ஆர்கெஸ்ட்ரா.]

முப்பது, நாற்பது வாத்தியங்கள் ஒன்றாக முழங்குகின்றன. அவற்றுக்கு முன்னால் நிற்கும் மனிதரோ நம் காதருகே வந்து ரகசியம் சொல்வதுபோலப் பாடுகிறார். ஒரு சொல்கூட நமக்குத் தப்புவதில்லை. இது எப்படி நடக்கிறது?

அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் 1950களின் பாட்டுகளைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். கேட்காதவர்கள் இதைப் பார்த்து முடித்ததும் ஒரே ஒரு பாட்டைக் கேளுங்கள். எந்தப் பாட்டு என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் மைக். ஆபரா என்னும் மேற்கத்திய இசை நாடகத்தில் பாடுபவருக்கு மைக் கிடையாது. ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் குரல் கூர்மையாக ஒலிக்கும்படி பல வருடம் பழகுவார். 1925ல் மின்சார ஒலிப்பதிவு வந்தபிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. மெல்லப் பாடினாலே போதும், மிச்சத்தை மைக் பார்த்துக்கொள்ளும். பாடகர் பிங் கிராஸ்பி இதை முதலில் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர். சினாட்ரா இன்னும் ஒரு படி மேலே போய், மைக்கையே தன் வாத்தியமாக நினைத்தார்.

[திரையில்: வாய்க்கு முன்னால் ஒரு உள்ளங்கை.]

உள்ளங்கையை இப்படி வைத்துக்கொண்டு, 'பேப்பர்' என்பதை ஆங்கிலேயர் சொல்வதுபோல அழுத்திச் சொல்லிப் பாருங்கள். காற்று கையில் மோதுகிறது, இல்லையா? மைக்கில் அது 'டப்' என்று வெடிக்கும். சினாட்ரா அந்த எழுத்து வரும்போது மட்டும் லேசாக விலகி, அடுத்த எழுத்துக்குத் திரும்பி வந்துவிடுவார். கேட்கிற நமக்கு எதுவும் தெரியாது.

ஆனால் மைக் பாதிக் கதைதான். மீதிக் கதை ஒரு ட்ரம்போனில் இருக்கிறது. குழாயை முன்னும் பின்னும் நீட்டி இழுத்து ஊதும் பித்தளை வாத்தியம் அது.

1940ல் 24 வயது சினாட்ரா, டாமி டோர்சியின் இசைக்குழுவில் பாடகராகச் சேர்ந்தார். டோர்சி ட்ரம்போன் வாசிப்பவர். நீண்ட வரிகளை எங்கும் அறுபடாமல் வாசிப்பார். இந்த மனிதர் எப்போது மூச்சு விடுகிறார்? மேடையில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து சினாட்ரா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டு அசையவே இல்லை. கடைசியில் பிடிபட்டது: வாசித்துக்கொண்டே வாயின் ஓரத்தில் ஊசித்துளை அளவு இடைவெளி விட்டு, காற்றைத் திருட்டுத்தனமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார் டோர்சி.

சினாட்ரா நீச்சல் குளத்தில் தண்ணீருக்கு அடியில் நீந்தி நுரையீரலைப் பழக்கினார். மற்றவர்கள் வரி முடிந்ததும் மூச்சு வாங்குவார்கள். அவரோ அந்த இடத்தைத் தாண்டி அடுத்த வரிக்குள் போய்விடுவார். அதனால்தான் அவர் பாட்டு, ஒருவர் பேசிக்கொண்டே போவதுபோல இருக்கிறது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரிய இசைக்குழுக்கள் கலைந்தன, பாடகர்கள் முன்னுக்கு வந்தார்கள். சினாட்ரா உச்சத்துக்குப் போனார், விழுந்தார். 1950ல் மேடையிலேயே குரல் போனது. 1952ல் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் அவரை விட்டுவிட்டது. 1953ல் கேபிடல் நிறுவனம் கைகொடுத்தது. அங்கேதான் நெல்சன் ரிடில் வந்து சேர்ந்தார்.

ரிடில் ஓர் அரேஞ்சர். மெட்டு போடுவது வேறொருவர். அந்த மெட்டைச் சுற்றி எந்த வாத்தியம் எங்கே வரவேண்டும், எங்கே வாயை மூடிக்கொள்ளவேண்டும் என்று தாளில் எழுதுபவர்தான் அரேஞ்சர். ரிடிலும் ட்ரம்போன்காரர், அதே டோர்சி குழுவில் வாசித்தவர். ஒரு பாடகர் எங்கே மூச்சு வாங்குவார் என்று அவருக்கு உடம்பிலேயே தெரியும். குரல் பேசும்போது வயலின்கள் கீழே தணியும். குரல் நிற்கும் அந்த ஒரு கணத்தில் ஒரு புல்லாங்குழலோ மூடி போட்ட ட்ரம்பெட்டோ எட்டிப் பார்த்து, குரல் திரும்புவதற்குள் ஒதுங்கிவிடும். தாளமோ இதயத் துடிப்பின் வேகம்.

இங்கே எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. நாட் கிங் கோல் பாடி 1950ல் பெரிய வெற்றி பெற்ற 'மோனா லிசா'வுக்கு வாத்திய இசையை எழுதியதும் இதே ரிடில்தான். இசைத்தட்டில் இருந்ததோ லெஸ் பாக்ஸ்டரின் பெயர்.

[திரையில்: தேதி. 1956 ஜனவரி 12, ஹாலிவுட்.]

சரி, நான் சொன்ன அந்தப் பாட்டுக்கு வருவோம். 'ஐவ் காட் யூ அண்டர் மை ஸ்கின்', கோல் போர்ட்டர் 1936ல் எழுதியது. சினாட்ரா கடைசி நேரத்தில் கேட்டதால், ஒலிப்பதிவுக்குப் போகும் வழியில், மனைவி கார் ஓட்ட, பின் இருக்கையில் உட்கார்ந்து ரிடில் நோட்ஸை எழுதி முடித்தார் என்று சொல்வார்கள். முதல்முறை வாசித்துப் பார்த்ததும் கலைஞர்கள் எல்லாரும் கைதட்டினார்களாம்.

பாட்டின் நடுவே குரல் நின்றுவிடும். அடியில் ஒரு கனத்த ட்ரம்போன் ஒரு சிறிய துண்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் வயலின்கள், அலைமேல் அலையாக. ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்து மெல்ல மெல்லப் பெரிதாகும் ராவெலின் 'பொலேரோ' என்ற ஆர்கெஸ்ட்ரா இசையில் ரிடிலுக்கு இருந்த பிரியம் இந்த இடத்தில் நன்றாகவே தெரியும். எல்லாம் உச்சிக்குப் போனதும் மில்ட் பெர்ன்ஹார்ட்டின் ட்ரம்போன் தனியாக வெடித்துக் கிளம்பும்.

அன்றைக்கு இருபதுக்கும் மேற்பட்ட டேக்குகள் போயின. ட்ரம்போன் சரியாகப் பதிய பெர்ன்ஹார்ட் இன்னும் உயரத்தில் நிற்கவேண்டும் என்றார்கள். சினாட்ராவே போய் ஒரு பெட்டியைத் தேடி எடுத்துவந்து அவர் காலடியில் போட்டார். அதன்மேல் ஏறி நின்று வாசித்ததைத்தான் நாம் இன்றும் கேட்கிறோம்.

ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். அந்த ட்ரம்போன் அடங்கியதும் சினாட்ரா முழுக் குரலில் திரும்பி வருவார். அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். கடைசி வரியில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக விலக, குரல் மறுபடியும் நம் காதருகே வந்துவிடும்.