சோலர் கரண்டை வாங்கும் விலை இறங்கிவிட்டது, இனிப் போடலாமா? கோண்டாவில் அண்ணைக்குப் பதில்

வணக்கம். போன காணொளிக்கு வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக மனதுக்குள்ளேயே நின்றது. கோண்டாவிலில் இருந்து ஒரு அண்ணை கேட்டிருக்கிறார்: "தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் 2023 இல் சோலர் போட்டவர். அவர் விற்கிற கரண்டுக்கு மின்சார சபை யூனிற்றுக்கு 37 ரூபா கொடுக்கிறது. எனக்கு 20 ரூபா 90 சதம் என்கிறார்கள். நான் பிந்திப்போனேனா? இனிப் போடலாமா?"

சரி அண்ணை, முதலில் கணக்கைப் பார்ப்போம். 2016 இல் 'சூரிய பல சங்கிராமய' என்ற கூரைச் சோலர் திட்டம் தொடங்கியபோது முதல் 7 வருடத்துக்கு 22 ரூபா, அடுத்த 13 வருடத்துக்கு 15 ரூபா 50 சதம். 2022 நெருக்கடியில் டொலர் ஏறி, சோலர் தகடும், அதன் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வேர்ட்டரும் எட்டாத விலைக்குப் போய்விட்டன. அதனால்தான் 37 வந்தது. 2024 இல் 27. 2025 இல் 5 கிலோவாட் வரைக்கும் 20 ரூபா 90 சதம், பெரிய கூரைகளுக்கு அதைவிடவும் குறைவு. எங்கள் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிற் தரும். 5 கிலோவாட் என்றால் மாதம் 600 யூனிற். எல்லாவற்றையும் விற்றால் 37 ரூபாவுக்கு 22,200, 2025 இன் 20 ரூபா 90 சதத்துக்கு 12,540. உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானதுதான்.

ஆனால் விலை ஏன் இறங்கியது? தகட்டின் விலை உலகமெங்கும் விழுந்தது ஒரு காரணம். மற்றதை நான் பல தரம் சொல்லியிருக்கிறேன்: மதியக் கரண்ட் வேறு, இரவுக் கரண்ட் வேறு. முருங்கைக்காய் கொட்டுகிற காலத்தில் சுன்னாகம் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். ஊரிலுள்ள எல்லோரும் ஒரே காலையில் கட்டோடு வந்து நிற்கிறார்கள். காய் நல்ல காய்தான், வாங்க ஆளில்லை. சூரியனும் எல்லாருடைய கூரையிலும் ஒரே நேரத்தில்தான் காய்க்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு நினைவிருக்கிறதா? தொழிற்சாலைகள் பூட்டு, கந்தோர்கள் பூட்டு. ஏப்ரல் 13 தொடக்கம் 21 வரை நாளும் பிற்பகல் 3 மணி வரைக்கும் கூரைச் சோலரை நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டுக்கொண்டது. நல்ல வெயிலில் நிறுத்தச் சொல்கிறார்களே என்று எனக்கும் கவலையாக இருந்தது.

இதில் எங்கள் ஆட்களுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லில் தட்டி ரேடியோ கேட்டோம். ஒருவர் சுற்றுவார், மற்றவர் காது வைப்பார். கை ஓய்ந்தால் செய்தி நின்றுவிடும். அப்பாவுக்காகச் செய்தி முடியுமட்டும் சுற்றிய நாட்கள் எனக்கு நல்ல ஞாபகம். உற்பத்தியாகிற நேரத்தில் பாவித்தால்தான் உண்டு. அதை அன்றைக்கே கையால் படித்த ஊர் இது.

அதனால் அண்ணை, "என்ன விலைக்கு வாங்குகிறார்கள்" என்பதைவிட, "என் வீட்டில் எந்த நேரம் எவ்வளவு எரிகிறது" என்று கேளுங்கள். புத்தூர்ப் பக்கம் வெங்காயம் செய்பவர் மோட்டரை 11 மணிக்குப் போட்டால், அந்தக் கரண்ட் அவருடைய தோட்டத்திலேயே வேலை செய்கிறது. பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு நிலைமை வேறு. இரவுக்கு வேண்டுமென்றால் பற்றரி வேண்டும். மாலை 5.30 இலிருந்து 10.30 வரை பற்றரியிலிருந்து மின்சார சபைக்குக் கொடுப்பவர்களுக்கு யூனிற்றுக்கு 45 ரூபா 80 சதம் என்று 2025 இல் அறிவித்தார்கள் அல்லவா, அதுவும் இதே கதைதான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான இந்திய உதவித் திட்டத்திலும் 1,700 கிலோவாட் சோலர், 530 கிலோவாட் காற்றாலையோடு 2,400 கிலோவாட் மணிப் பற்றரியையும் தொடக்கத்திலேயே சேர்த்துத்தான் திட்டமிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த திட்டம் அது.

பற்றரி பெரிய செலவு, எல்லோரையும் உடனே வாங்குங்கள் என்று சொல்லமாட்டேன். அண்ணை, ஒரு கிழமைக்கு மீற்றரைக் காலை 9 மணிக்கும் பின்னேரம் 3 மணிக்கும் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்த எண்களைக் கீழே போடுங்கள். எத்தனை கிலோவாட் போடலாம், பற்றரி தேவையா என்று அடுத்த காணொளியில் உங்கள் கணக்கை வைத்தே பார்ப்போம்.