மூடிய கை

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பின்பக்க அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். வின்சென்ட் தே பவுல் சபை, ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்கக் குழு. ஜெபம் சொல்லி, போன வாரக் கணக்கு பார்த்து, யார் வீட்டுக்கு யார் போவது என்று பேசி முடித்ததும் ஒரு துணிப்பை சுற்றி வரும். மூடிய கையை உள்ளே விட்டு, மூடிய கையாகவே வெளியே எடுக்க வேண்டும். ஐந்நூறு போட்டது யார், ஒன்றுமே போடாதது யார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. இரகசியப் பை என்போம்.

கொடுப்பவருக்கே இந்த மறைவு வேண்டியிருக்கிறது. வாங்குபவருக்கு?

அது எனக்கு உறைக்கப் பல வருடம் ஆயிற்று. ஒரு கிறிஸ்துமஸுக்கு மேடை போட்டு, மைக்கில் பேர் வாசித்து, அரிசிப் பை கொடுத்தோம். போட்டோவும் எடுத்தோம். ஒரு பாட்டி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டே வாங்கினார். அடுத்த மாதம் அவர் வரவில்லை. வீடு தேடிப் போனேன். டம்ளரில் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “வீட்ல அரிசி இல்லைங்கிறது எனக்கு மட்டும்தான் தெரியும்னு இருந்தேன் தம்பி. இப்ப ஊருக்கே தெரிஞ்சு போச்சு.”

அதோடு மேடையை நிறுத்தினோம்.

உண்மையில் எங்கள் சபை பிறந்ததே வீடு தேடிப் போவதற்காகத்தான். பாரிஸ் நகரில் 1832-இல் காலரா ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. ஏழைகளுக்கு உங்கள் திருச்சபை இன்று என்ன செய்கிறது என்று சக மாணவர்கள் கேட்ட கேள்வி, பிரெடரிக் ஓசானாம் என்ற கல்லூரி மாணவரைச் சுட்டது. 1833 ஏப்ரல் 23, அவருக்கு இருபது வயது நிறைந்த நாள். அன்று நண்பர்கள் சிலரோடு முதல் கூட்டம் நடந்தது. அந்த நகரின் ஏழைத் தெருக்களில் பல்லாண்டு உழைத்திருந்த அருட்சகோதரி ரோசலி ரெந்து அவர்களுக்கு வழி காட்டினார். எந்த வீட்டுக்குப் போவது, போனால் எப்படிப் பேசுவது என்பதை அவரிடம்தான் கற்றார்கள். 1997-இல் ஓசானாமுக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் கிடைத்தது.

இன்றும் நாங்கள் இருவர் இருவராகத்தான் போகிறோம். சாதி, மதம் கேட்பதில்லை. முதல் நாள் நோட்டைத் திறப்பதில்லை. உட்கார்ந்து பேசுவதோடு சரி. உட்கார்ந்தால்தான் கண்ணில் படும். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த ஒரு கொத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். மாதம் அரிசி கொடுக்கலாம் என்றுதான் நினைத்திருந்தோம். சுவரோரம் சிமென்ட் தரையில் நான்கு கால் பதிந்த தடம் தெரிந்தது. “இங்க என்னம்மா இருந்துச்சு?” என்றார் என்னோடு வந்தவர். தையல் மிஷின், அடகில் இருக்கிறது என்றார் அந்த அம்மா. அரிசியோடு மிஷினையும் மீட்டோம். பள்ளி திறக்கும் நேரம் அது. சீருடை தைக்கக் கொடுக்க வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

எல்லா வீட்டிலும் இப்படி வழி பிறப்பதில்லை. மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு எங்கள் பை காலியாக இருந்த வாரங்களும் உண்டு. அப்போதும் போவோம். வெறுங்கையோடு போவது கஷ்டம்தான். ஆனால் போகாமல் இருந்துவிட்டால், நோயாளி நம்மை எதிர்பார்த்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

நாளை சாயங்காலம் ஒரு தாத்தா வீட்டுக்குப் போக வேண்டும். முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட வேண்டும். ஆதாரில் அவர் பிறந்த வருடம் தப்பாக இருக்கிறது. முதலில் அதைத் திருத்தியாக வேண்டும்.

வணக்கம்.