கூரை யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

போன வருஷம் அக்டோபரில் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தேன். "இலை சிவக்கிற பருவம்பா, வெர்மான்ட் பக்கம் போயிட்டு வரலாம்" என்று காரில் ஏற்றிக்கொண்டாள். இலையை அவள் பார்த்தாள், நான் பாலம் பார்த்தேன். பாலம் கட்டியே சம்பளம் வாங்கியவனுக்கு வேறு எதில் கண் போகும்?

அந்தச் சின்ன மாநிலத்தில் 100-க்கு மேல் கூரைப் பாலங்கள் இருக்கின்றன. தூரத்தில் பார்த்தால் வைக்கோல் கொட்டகை ஒன்றை ஆற்றின் மேல் இழுத்து வைத்த மாதிரி இருக்கும். "பனி விழாமல் இருக்கவா கூரை?" என்றாள் மகள். சரியாகத் தலைகீழ்! அந்தக் காலத்தில் குளிர்காலத்தில் சறுக்கு வண்டி ஓட வேண்டும் என்று, ஆள் வைத்துப் பாலத்துக்குள் பனியை அள்ளிக் கொட்டினார்கள். கூரை மனிதருக்கு இல்லை, மரத்துக்கு. பாரத்தைச் சுமப்பவை இரண்டு பக்கமும் நிற்கும் மரச் சட்டகங்கள். பொருத்துகளில் தண்ணீர் தங்கினால் பத்து, இருபது வருஷத்தில் உளுத்துவிடும். மூடி வைத்தால் நூறு வருஷம் தாண்டும். நம் ஊரில் தேருக்குத் தகரக் கொட்டகை போடுகிறோமே, அதே கணக்குதான்.

முதலில் பார்ட்டன்ஸ்வில். 1870-இல் கட்டிய பாலம், 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளத்தில் அப்படியே சரிந்து போனது. அந்த வீடியோவை நான் முன்பே பார்த்திருந்தேன். ஊர்க்காரர்கள் கான்கிரீட்டுக்குப் போகவில்லை. 2013-இல் பழைய முறையிலேயே மரத்தில் எழுப்பிவிட்டார்கள்.

அந்தப் பழைய முறை, இத்தியேல் டவுன் என்ற கட்டடக் கலைஞர் 1820-இல் காப்புரிமை வாங்கியது. பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கிராதி போலச் சாய்த்து, சேரும் இடங்களில் மர ஆணி அடிப்பது. பெரிய உத்தரம் வேண்டாம், கைதேர்ந்த ஆசாரியும் வேண்டாம். டவுனும் விவரமானவர். கேட்டுக் கட்டினால் அடிக்கு 1 டாலர், கேட்காமல் கட்டி மாட்டிக்கொண்டால் 2 டாலர் வாங்கினாராம்.

அப்புறம் விண்ட்சர். கனெக்டிகட் ஆற்றின் மேல், அக்கரையில் உள்ள கார்னிஷ் ஊரோடு இணைக்கும் பாலம், ஏறக்குறைய 450 அடி. அதே இடத்தில் முன்பு இருந்த மூன்று பாலங்களை வெள்ளம் கொண்டுபோக, 1866-இல் டாஸ்கர், ஃப்ளெட்சர் என்ற இருவர் நாலாவதாகக் கட்டியது இது. செலவு 9,000 டாலர். இங்கே பலகைக்குப் பதில் கனத்த மரங்களையே கிராதியாகப் பின்னியிருக்கிறார்கள். 1943 வரை சுங்கம் வசூலித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை: ஆறு கிட்டத்தட்ட முழுக்க நியூ ஹாம்ப்ஷயருக்குச் சொந்தம். வெர்மான்ட்காரர் கரையை விட்டுக் கால் வைத்தாலே அடுத்த மாநிலம்! பராமரிப்புச் செலவு யார் தலையில் என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றியது. நியூ ஹாம்ப்ஷயர் தலையில்தான்.

முகப்பில் ஒரு பழைய அறிவிப்பு: குதிரையை நடத்திக்கொண்டு போ, இல்லாவிட்டால் 2 டாலர் அபராதம். குதிரைகள் தாளம் தப்பாமல் ஓடினால் பாலம் குலுங்கும் என்ற பயம். மகள் அதைப் படித்துவிட்டு காரை ஊர்கிற வேகத்துக்குக் கொண்டுவந்தாள். உள்ளே நல்ல இருட்டு. "ஹெட்லைட் போடட்டுமாப்பா?" என்றாள். வேண்டாம் என்றேன்.